ஒற்றை விரல் வணக்கம்

அத்தியாயம் 3

ஹாரோவிலிருந்து டன்ஸ்டன் நூற்றிருபது மைல். நடுவில் மணற்குன்று, குன்றின் மேல் புல், புல்லின் மேல் மாடு, மாட்டின் மேல் காற்று. மனிதர்கள் என்று பார்த்தால் பதினொரு பேர் தேறுவார்கள். அதிலும் நாலு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நெப்ராஸ்காவின் இந்தப் பக்கத்தில் ஒருவன் தும்மினால், 'நூறாயுசு' என்று சொல்ல அடுத்த ஆள் காரை எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

இந்த நூற்றிருபது மைலுக்குள் எங்கேயோதான் எல்வுட் தார்ப் என்ற எழுபத்து நாலு வயதுக் கிழவர் நேற்று மதியம் பிக்கப் வண்டியோடு காணாமல் போயிருந்தார். இன்று சாயங்காலம் பனி கொட்டும் என்று ரேடியோ சொல்லிவிட்டது. கொட்டினால் சாலையை மூடிவிடுவார்கள். மூடினால், அப்புறம் வசந்த காலத்தில் தேடிக்கொள்ளலாம்.

ஹாரோவின் ஒரே உணவகத்தில் ஒரு கிண்ணம் சில்லி என்கிற கறிக் காரக் குழம்பையும், அதற்குத் துணையாக இலவங்கப்பட்டை போட்ட ஓர் இனிப்பு ரொட்டியையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் துப்பறியும் க்ளெம் வாஸ். முப்பது வருடம் அரசாங்கத்தில் மாட்டுச் சூட்டுக்குறி இன்ஸ்பெக்டர். கூட்டத்தோடு ஓடுகிற மாட்டின் தொடையைப் பார்த்து, அது யார் வீட்டு மாடு, அதன் அம்மா யார் வீட்டு மாடு, நடுவில் திருடியவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது வரை சொல்லிவிடுவார். மனிதர்களின் முகம் மட்டும் அவர் மனசில் நிற்காது. மனைவி போன பிறகு நிற்க வேண்டிய முகமும் இல்லை. ஓய்வு பெற்றதும் தீவனக் கடை மாடியில் 'துப்பறியப்படும்' என்று ஒரு தகரப் பலகை மாட்டினார். இதுவரை இரண்டு வழக்கு வந்தது. இரண்டும் மாடு.

எதிரே அவருடைய உதவியாளர் மேபல் குசேரா. இருபது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அதனால் உலகத்தில் யாருக்கும் பயப்பட மாட்டாள், யாரையும் பேசவும் விட மாட்டாள்.

பக்கத்தில், கோட்டைக்கூடக் கழற்றாமல், எல்வுட்டின் மகள் ஆர்டிஸ்.

"அப்பா சர்க்கரைக்காரர், மிஸ்டர் வாஸ். ஊசி வீட்லயே கெடக்கு." ஒரு தகர டப்பாவை மேஜை மேல் தள்ளினாள். "மருந்து, ஊசி எல்லாம் இதுல இருக்கு. உயிரோட கொண்டுவந்து சேருங்க. அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன். வண்டிச் சாவியப் புடுங்கிக் கெணத்துல போடறேன். கண்ணும் சரியில்ல, சொன்னாலும் கேக்கறதில்ல."

"எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனார்?"

"வியாழக்கிழமைன்னா ஒரே பதில்தான். 'பாதி வழிக்குப் போய்ட்டு வர்றேன்.' டன்ஸ்டன்ல ஒரு சிநேகிதராம். ரெண்டு பேரும் பாதி வழில பாத்து, வண்டிக்குள்ளயே உக்காந்து க்ரிபேஜ் ஆடுவாங்களாம். நாலு வருஷமா இந்தக் கூத்து."

"சீட்டாட அவ்வளவு தூரமா!" என்றாள் மேபல். "சிநேகிதர் பேரு என்னம்மா?"

"சொன்னதே இல்ல. போன்லயும் பேச மாட்டார். எங்க போன் கம்பில எட்டு வீடு. ஒருத்தர் எடுத்தா எட்டு பேரும் எடுப்பாங்க."

"ஏழு பேரு. ஷ்ரோடர் அம்மாவுக்குக் காது கேக்காது. அவங்க அப்புறமா பக்கத்து வீட்ல கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க."

கதவு திறந்தது. காற்று முதலில் வந்தது, அதன் பின்னால் ஷெரீப் டூலி வந்தார். தொப்பியைக் கழற்றி, நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

"ஒண்ணும் கிடைக்கல, க்ளெம். விடியறதுக்கு முன்னால போயி அறுபதாவது மைலைச் சல்லடை போட்டுச் சலிச்சாச்சு. ரோட்டுல வண்டி இல்ல. அப்ப ஏதோ ஒரு கேட்டைத் தொறந்து குன்றுக்குப் பின்னால ஓட்டிட்டுப் போயிருக்கணும். இந்த ரோட்ல எத்தனை கேட்டுன்னு தெரியுமா? எண்ணப் போனவன் இன்னும் திரும்பி வரல. மேகம் வேற தரையத் தொடுது, விமானமும் ஏறாது."

"அங்க யாரையாவது பாத்தியா?"

"யாரும் இல்ல. ஒரு அம்மா கார ஓரங்கட்டிட்டு உக்காந்திருந்தா. ஒரு வெரலத் தூக்கினேன். அவளும் தூக்கினா. அவ்வளவுதான்."

அது அந்தப் பக்கத்து வணக்கம். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பதில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்து அடங்கும். சௌக்கியமா, மழை உண்டா, மாடு கன்று போட்டதா, மாமியார் இன்னும் இருக்கிறாரா எல்லாம் அந்த ஒரு விரலில் அடக்கம். விரலைத் தூக்கிவிட்டால் மனிதன் மனிதனுக்குச் செய்ய வேண்டியது முடிந்தது. நின்று, இறங்கி, கண்ணாடியைத் தட்டி, 'ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?' என்று கேட்கிறவனைக் கலிபோர்னியாக்காரன் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

"அறுபதாவது மைல்தான்னு எப்படி முடிவு பண்ணினே?" என்றார் வாஸ்.

"நூத்தி இருபதுல பாதி எவ்வளவுய்யா?" என்றார் ஷெரீப், ஒரு மாதிரி பார்த்து.

"அப்பாவே சொல்வார்," என்றாள் ஆர்டிஸ். "'இந்த ஊர்ச் சங்கு ஊதினா நான் கிளம்பறேன், அந்த ஊர்ச் சங்கு ஊதினா அங்கேருந்து கிளம்பறாங்க. ரெண்டு வண்டியும் மணிக்கு அறுபது மைல் ஓடினா எங்க சந்திக்கும்? நடுவுல!' இப்படிச் சொல்லிட்டுத் தனியாச் சிரிப்பார்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஹாரோவின் மதியச் சங்கு அலற ஆரம்பித்தது. தீயணைப்பு நிலையத்துக் கூரையில் இருக்கிற சங்கு. அது ஊதினால் கோப்பைகள் நடக்கும், நாய்கள் கூடவே பாடும், பக்கத்து மாவட்டத்தில் கோழி முட்டையிடும். ஹாரோவில் தீப்பிடிக்கிறதென்றால் மதியம் பன்னிரண்டுக்கு மட்டும் பிடிக்கக் கூடாது. எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள்.

ஓசை அடங்கியதும் மேபல் காதிலிருந்து விரலை எடுத்தாள். "டன்ஸ்டன்காரங்கதான் பாவம். அவங்களுக்கு இப்பதான் பதினொண்ணு. இன்னும் ஒரு மணி நேரம் பட்டினி கெடக்கணும்."

வாஸின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"மேபல், இன்னொரு தடவை சொல்லு."

"பட்டினி கெடக்கணும்னேன். உங்க சில்லியும் ஆறுது, இன்ஸ்பெக்டரே."

இரண்டு ஊருக்கும் நடுவில் கடிகாரக் கோடு ஓடுகிறது. கோட்டுக்குக் கிழக்கே ஹாரோ. மேற்கே டன்ஸ்டன், ஒரு மணி நேரம் பின்னால். இரண்டு மணிநேரப் பயணம்தான். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் டன்ஸ்டன் போக ஒரு மணி, திரும்பி வர மூன்று மணி. அங்கே தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்குக்கூட இந்த நகைச்சுவை தெரியும். சிரித்துச் சிரித்தே எல்லோரும் விஷயத்தை மறந்துவிட்டார்கள்.

வாஸ் தன் கிண்ணத்தை மேஜையின் ஒரு கோடியில் வைத்தார். "இது ஹாரோ." ஷெரீபின் காபிக் கோப்பையைப் பிடுங்கி மறு கோடியில் வைத்தார். "இது டன்ஸ்டன்." ஒரு உப்பு பிஸ்கட்டை எடுத்தார். "இது எல்வுட். சங்கு ஊதிச்சு, எல்வுட் கிளம்பிட்டார். டன்ஸ்டன்ல மணி என்ன?"

"பதினொண்ணு," என்றாள் ஆர்டிஸ் மெதுவாக.

"அந்த ஊர்ச் சங்கு ஊத இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. சிநேகிதர் வீட்ல உக்காந்திருக்கார். எல்வுட் அறுபது மைல் வந்தாச்சு." பிஸ்கட் மேஜை நடுவுக்கு வந்தது. "இப்பதான் அங்க சங்கு ஊதுது. அவர் இப்பதான் கிளம்பறார். மிச்சம் இருக்கறது அறுபது மைல். அதுல ஆளுக்குப் பாதி, முப்பது. அப்ப எல்வுட் எங்க இருக்கார்? அறுபதுலயா?"

"தொண்ணூறுல," என்றாள் மேபல்.

"ஆமா. இங்கேருந்து தொண்ணூறு, அங்கேருந்து முப்பது. மூணு பங்கு இவர் ஓட்டறார், ஒரு பங்கு அவர் ஓட்டறார். அதுக்குப் பேரு பாதி வழி! அதான் தனியாச் சிரிச்சிருக்கார்."

ஷெரீப் தலையைச் சொறிந்தார். மேபல் எல்வுட்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். "கிளம்புங்க. உப்புக் கொஞ்சம் கூடுதல், ஆனா நல்ல மனுஷன்."

அவளுடைய பழைய ஃபோர்டு மேற்கே பாய்ந்தது. ஊரின் கடைசிக் கம்பம் பின்னால் போனதும் உலகம் காலி. குன்று தாண்டினால் குன்று. வானம் சாம்பல் போர்வையாக இறங்கி அவற்றின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெகு தூரத்தில் ஒரு காற்றாலை, தண்ணீர் இறைத்துத் தானே குடிப்பது போலச் சுற்றியது. வாஸுக்கு இந்தச் சாலை தெரியும். முப்பது வருடம் இதில் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பியிருக்கிறார். அப்போதெல்லாம் திரும்பினால் ஒரு வீட்டில் விளக்கு எரியும். இப்போது விளக்கையும் அவரே போட வேண்டும்.

"வியாழக்கிழமை சாயங்காலம் நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள் மேபல் திடீரென்று.

"ரேடியோ கேப்பேன்."

"வெள்ளிக்கிழமை?"

"பேட்டரி மாத்துவேன்."

மேபல் சிரிக்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சாலையைப் பார்த்தாள்.

அறுபதாவது மைலில் ஒரு கேட்டின் முன்னால் ஒரு பழைய மஞ்சள் ப்ளைமவுத் நின்றிருந்தது. கண்ணாடியெல்லாம் மூச்சுப்பனி. உள்ளே சால்வையும் தொப்பியுமாக ஓர் உருவம். மேபலின் விரல் எழுந்தது. வாஸின் விரலும் எழுந்தது. ப்ளைமவுத்தின் உள்ளே கையுறை போட்ட ஒரு விரல் எழுந்து அடங்கியது.

"ஷெரீப் பாத்த அம்மா," என்றாள் மேபல்.

"ம்," என்றார் வாஸ். ஃபோர்டு பறந்தது.

அடுத்த அரை மணியில் எதிரே ஒரு வண்டி இல்லை. தொண்ணூறை நெருங்கியதும் வாஸ் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். அங்கே சாலையோரம் பளபளவென்று ஒரு பச்சைப் பலகை, டன்ஸ்டன் பக்கம் போகிறவர்களும் ஹாரோ பக்கம் போகிறவர்களும் படிக்கிற மாதிரி இரண்டு முகத்திலும் எழுதி நின்றது: ஹாரோ 90, டன்ஸ்டன் 30. காலடியில் சிமெண்டு இன்னும் வெளுக்கவில்லை.

"புதுசு," என்றார். "நிறுத்து. இறங்கறேன்."

பலகைக்கு நேர் எதிரே ஒரு கம்பிக் கேட். அதைத் தாண்டி மண் பாதை. வாஸ் குனிந்தார். மாட்டுத் தொடை போதாதென்று இப்போது மண்ணையும் படித்தார். "ரெண்டு வண்டித் தடம், மேபல். ஒரே எடத்துல திரும்பத் திரும்பப் போயி, சூடு போட்ட மாதிரி பதிஞ்சிருக்கு. ஒண்ணு அகல டயர், பிக்கப். இன்னொண்ணு ஒல்லி டயர், கார். ஆனா புதுத் தடம் அகல டயர் மட்டும்தான். உள்ள போயிருக்கு. வெளிய வரல."

குன்றைச் சுற்றிப் போனதும் ஒரு காற்றாலை, ஒரு மாட்டுத் தண்ணீர்த் தொட்டி, அதன் பக்கத்தில் தூசி நிறத்தில் ஒரு பிக்கப். வாஸ் ஓடினார். அறுபத்திரண்டு வயதில் அவர் ஓடினால் அது வேகமாக நடப்பது மாதிரிதான் இருக்கும், ஆனாலும் ஓடினார். கதவைத் திறந்தார்.

மூன்று கம்பளிக்குள்ளிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது. தரையில் ஒரு காபி டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி கடைசி மூச்சில் எரிந்துகொண்டிருந்தது. இருக்கை நடுவில் சீட்டுக்கட்டும் க்ரிபேஜ் பலகையும், புள்ளி எண்ணும் முளைகள் எல்லாம் ஆட்டம் தொடங்குகிற இடத்தில். பக்கத்தில் ஆப்பிள் பை என்கிற பழப் பணியாரம் முழுசாக, விண்டே பார்க்காமல்.

"யாரு? நெட்டியா?" என்றது மூக்கு.

"க்ளெம் வாஸ்."

"மாட்டு இன்ஸ்பெக்டரா?" கிழவரின் குரல் சுருதி இறங்கியது. "ஆர்டிஸ் அனுப்பினாளா? சாவி வேணுமாமா?"

மேபல் ஏற்கெனவே டப்பாவைத் திறந்து ஊசியை நிரப்பிக்கொண்டிருந்தாள். "கைய நீட்டுங்க தாத்தா. வண்டிக்கு என்ன ஆச்சு? பேட்டரியா, மணல்ல மாட்டிக்கிச்சா?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்லயே." எல்வுட் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முதல் சொடுக்கில் உறுமியது. அணைத்துவிட்டார்.

மேபலுக்கே பேச்சு வரவில்லை. அப்படி ஒரு நாள் வரும் என்று ஹாரோவில் யாரும் நினைத்ததில்லை.

"அப்ப ஏன்யா ராத்திரி பூரா இங்க கெடந்தீங்க?" என்றார் வாஸ்.

"அவ இன்னும் வரலியே." குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார் கிழவர். "வந்து பாத்து நான் இல்லேன்னா, வராமலே இருந்துட்டேன்னு நெனைச்சுக்குவா. ஒருத்தர் வராம இன்னொருத்தர் கிளம்பறதில்ல. அதுதான் பேச்சு."

ஊசி ஏறியது. மேபல் ஆப்பிள் பையை வெட்டி, "இதைத் தின்னாத்தான் மருந்து வேலை செய்யும்" என்று ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். கிழவர் தயங்கித் தயங்கித் தின்றார், அடுத்தவர் வீட்டுப் பலகாரத்தைத் திருடித் தின்கிற மாதிரி. தின்றுகொண்டே சொன்னார். நெட்டி லிண்ட்க்விஸ்ட். லிங்கன் நகரத்துக்காரி. நாலு வருடம் முன்னால் தங்கைக்குத் துணையாக டன்ஸ்டனில் குடிவந்தாள்; வந்த ஆறாம் மாசம் தங்கையும் போய்விட்டாள். ஒரு மாட்டுச் சந்தையில் காபி வரிசையில் பழக்கம்.

"முதல் வாரம் நெஜமாவே மறந்துட்டோம். சங்கு ரெண்டுன்னு யாருக்கு ஞாபகம் வருது? அறுபதுக்கு வந்தேன், ஆளக் காணோம். ஓட்டிக்கிட்டே வந்தேன். இந்தக் கேட்டுக்கிட்ட எதிர்ல வந்தா. 'இதுதான் பாதியா? கிட்டக்கதான் இருக்கு'ன்னா. ஆமான்னுட்டேன். எங்க ஊர்லேருந்து உங்க ஊரு ஒரு மணி நேரந்தான்னேன். கடிகாரத்தப் பாத்தா பொய் இல்லியேப்பா."

"பொய்யே இல்ல," என்றாள் மேபல். "அதை விட மோசம்."

"தொண்ணூறுன்னு சொல்லியிருந்தா வேண்டாம்னுருப்பா. அடுத்தவங்களுக்குச் செரமம் குடுக்கற ஜாதி இல்ல அவ." கிழவர் கம்பளியை இழுத்துப் போர்த்தினார். "வாரத்துல மிச்ச ஆறு நாளும் நான் யாரு கூடவும் பேசறதில்ல. ஆர்டிஸ் என்னோட மருந்துகூடத்தான் பேசுவா."

வாஸ் கதவில் சாய்ந்து நின்றார். வெளியே முதல் பனித்துகள் மிதந்து வந்து தொட்டித் தண்ணீரில் காணாமல் போனது.

"எல்வுட், கேட்டுக்கு எதிர்ல ஒரு பலகை வெச்சிருக்காங்களே, பாத்தீங்களா?"

"என்ன பலகை?"

"பச்சைப் பலகை. குதிரை வண்டி அளவு."

"எனக்குப் பச்சையும் தெரியல, குதிரையும் தெரியல."

"நெட்டி அம்மாவுக்குக் கண்ணு எப்படி?"

"கழுகு. என் கையில இருக்கற சீட்டை என் மூக்குக்கண்ணாடில பாத்துப் படிப்பா."

வாஸ் கண்ணை மூடினார். "போன வாரம் திரும்பிப் போறப்ப அந்தப் பலகையப் படிச்சிருக்காங்க. தொண்ணூறு, முப்பது. நாலு வருஷத்துக் கதையும் ஒரு நொடில புரிஞ்சிருக்கும். அடுத்தவங்களுக்குச் செரமம் குடுக்காத மனுஷி என்ன பண்ணுவாங்க, மேபல்?"

"நெஜமான பாதிக்கு வருவாங்க." மேபலின் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. "சங்குக்கு முன்னாலயே கிளம்பி."

"எல்வுட், நேத்து இங்க வர்றப்ப எதிர்ல ஏதாவது வண்டி வந்துச்சா?"

"ஒண்ணே ஒண்ணு. அறுபதத் தாண்டினதும். வெரலத் தூக்கினேன், அவங்களும் தூக்கினாங்க."

"என்ன நெறம்?"

"மஞ்சள் மாதிரிதான். ஆனா எனக்கு இப்ப எல்லாமே மஞ்சளாத்தான் தெரியுது. நீகூட மஞ்சளாத்தான் இருக்கே."

மேபலும் வாஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூச்சுப்பனி படிந்த கண்ணாடி, சால்வை, கையுறை போட்ட ஒரு விரல்.

"'என்னத் தாண்டாம அவரு தொண்ணூறுக்குப் போயிருக்க முடியாது, அதனால இன்னும் வரல'ன்னு நெனைச்சு அறுபதுலயே உக்காந்திருக்காங்க," என்றார் வாஸ். "நேத்து மதியத்துலேருந்து. எல்வுட் வணக்கம் சொன்னார், டூலி சொன்னான், நீ சொன்னே, நான் சொன்னேன்."

எல்வுட் ஆப்பிள் பைத் துண்டைக் கீழே வைத்தார். "நான் எதிர்ல போனேனா? அவளா அது?"

வாஸ் குனிந்து மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

ஐந்து நிமிடத்தில் பிக்கப்பை வாஸ் ஓட்டினார், பக்கத்தில் எல்வுட்; பின்னால் மேபலின் ஃபோர்டு. பனி இப்போது துகள் இல்லை, மூட்டை. வானத்தில் யாரோ தலையணை உறையைக் கிழித்துவிட்டார்கள். கண்ணாடித் துடைப்பான் ஒரு முறை துடைத்தால் ஒரு முறை சாலை தெரிந்தது. கிழவர் இரண்டு கையையும் முன்பலகையில் ஊன்றி, தெரியாத கண்ணால் முன்னால் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பனியப் பாத்துட்டு அவ கிளம்பியிருப்பா," என்றார். "என் மேல கோவமா இருப்பா. இல்ல, கோவப்படவே மாட்டா. பாதி வழிக்கு வந்தும் இவன் வரலியேன்னு நெனைப்பா. அது கோவத்த விட மோசம்ப்பா."

வாஸ் கண்ணைச் சுருக்கினார். வெள்ளைக்குள் இரண்டு மங்கல் விளக்குகள். வருகின்றன. பெரிதாகின்றன. முப்பது வருடப் பழக்கம்: அவருடைய ஆள்காட்டி விரல் தானாக எழுந்தது. எதிர்க் கண்ணாடிக்குள்ளும் ஒரு விரல் எழுந்தது, கையுறை போட்டது.

வாஸ் தன் விரலையே பார்த்தார். "சனியனே, இறங்கு!" என்று கத்தி, கையை ஹாரனில் அறைந்து, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தார். பிக்கப் சாலைக்குக் குறுக்கே வழுக்கிக்கொண்டு போய், ஒரு முறை பெருமூச்சு விட்டு நின்றது. மஞ்சள் ப்ளைமவுத் அதன் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பின்னால் வந்த ஃபோர்டு, ஒரு வாத்து பனிக்கட்டியில் இறங்குகிற மாதிரி பள்ளத்தோரம் போய் நின்றது. "பஸ்ல புள்ளைங்க இருந்தா என்ன ஆயிருக்கும்!" என்று மேபலின் குரல் எங்கிருந்தோ வந்தது.

ப்ளைமவுத்தின் கதவு திறந்தது. சால்வைக்குள்ளிருந்து ஒரு சின்ன, நிமிர்ந்த கிழவி இறங்கினாள். பிக்கப்பைப் பார்த்தாள், எதிர்ப்பக்கக் கதவிலிருந்து தடவித் தடவி இறங்குகிறவரைப் பார்த்தாள்.

"மிஸ்டர் தார்ப், நீங்க வர வேண்டிய பக்கம் இது இல்லையே," என்றாள். "கிழக்கேருந்துதானே வருவீங்க?"

"நெட்டி, நேத்து நான்... எதிர்ல வந்தது நீயா?"

"தூசில ஒரு பிக்கப் போச்சு. இந்த நாட்ல எல்லாப் பிக்கப்பும் ஒரே நெறம். நீங்களா அது?" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, "தொண்ணூறா?" என்றாள். "நாலு வருஷமா, வாராவாரம், தொண்ணூறா?"

"ஆரம்பத்துல கணக்குத் தப்பு. அப்புறம்... கணக்கத் திருத்த மனசு வரல."

அவள் நெருங்கி வந்து அவர் கோட்டுக் காலரை, பள்ளிக்கூடப் பையனுக்குச் செய்கிற மாதிரி, இழுத்துச் சரி செய்தாள். கிழவர் கோட்டுப் பையைத் துழாவினார். பிக்கப்பின் இன்னொரு சாவி, மரக்கட்டை வளையத்தில். வாஸின் கையில் வைத்தார்.

"ஆர்டிஸ்கிட்ட குடுத்துடு. அவ புடுங்கினதா இருக்க வேண்டாம், நானா குடுத்ததா இருக்கட்டும். எதிர்ல வந்தவ யாருன்னு தெரியல. இனிமே எனக்கெதுக்கு வண்டி?" சொல்லிவிட்டு, பனியைப் பார்த்தபடி நின்றார். வியாழக்கிழமைகள் அவர் முகத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் போவது வாஸுக்குத் தெரிந்தது. முகம் அவருக்குத் தெரிவது அதிசயம்.

"ஏறுங்க என் வண்டில," என்றாள் நெட்டி.

"எங்க?"

"ஹாரோவுக்கு. எம்பது மைல் இருக்குமா இங்கேருந்து? இன்னிக்கு நான் ஓட்டறேன். அடுத்த வியாழக்கிழமை நூத்தி இருபதும் நானே ஓட்டறேன்."

"ஊரே பாக்கும், நெட்டி. வாசல்ல மஞ்சள் வண்டி நின்னா எட்டு வீட்லயும் மணி அடிக்கும்."

"அடிக்கட்டும். உங்க மகளுக்கு க்ரிபேஜ் தெரியுமா?"

"கேட்டதில்ல," என்றார் எல்வுட். அதை இப்போதுதான் கண்டுபிடித்தவர் போலச் சொன்னார்.

மேபல் ஓடி வந்து க்ரிபேஜ் பலகையையும் மிச்ச ஆப்பிள் பையையும் ப்ளைமவுத்துக்குள் வைத்தாள். வண்டியைத் திருப்பிவிட்டாள். "முன்னால நீங்க போங்கம்மா, பின்னால நான் வர்றேன். பள்ளத்துல விழுந்தா சொல்லுங்க, துணைக்கு நானும் விழறேன்."

இரண்டு வண்டியின் சிவப்பு விளக்குகளும் வெள்ளைக்குள் கரைந்தன. வாஸ் தனியாகப் பிக்கப்பைத் திருப்பிச் சாலையில் ஏற்றினார். இருக்கையில் கிழவரின் கம்பளி இன்னும் சூடாக இருந்தது. ஹாரோவில் அவர் வீட்டில் விளக்கு எரியாது. ரேடியோவில் பேட்டரி இருக்கிறதா என்பதும் நினைவில்லை. துடைப்பான் துடைத்தது, பனி மூடியது, துடைத்தது.

வெகு நேரம் கழித்து எதிரே மஞ்சள் விளக்குச் சுழல ஒரு பனி ஒதுக்கும் வண்டி வந்தது. ஓட்டுநரின் விரல் எழுந்தது.

வாஸ் விரலைத் தூக்கவில்லை. பிரேக்கை மிதித்தார். கண்ணாடியை இறக்கினார். பனி உள்ளே கொட்டியது. ஒதுக்கும் வண்டியும் அலறிக்கொண்டு நின்றது. மேலேயிருந்து ஒரு தலை பதறி எட்டிப் பார்த்தது.

"என்னய்யா ஆச்சு? வண்டி மாட்டிக்கிச்சா? யாருக்காவது அடியா?"

"ஒண்ணும் இல்ல," என்றார் க்ளெம் வாஸ், பனியைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து. "சும்மாதான். யாருன்னு பாக்கலாம்னு."